நாளைக்குப் பார்க்கலாம்

தமிழ் மொழியிலுள்ள வாக்கியங்களுக்குள் மிகவும் இனிமையானது எது என்று ஒரு போட்டி வைத்தால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்னும் வாக்கியத்துக்கே நான் முதற் பரிசு கொடுப்பேன். எத்தனை சங்கடங்களை அது தீர்த்து வைக்கிறது! கடன்காரனைத் திருப்பி அனுப்புகிறது. ஒழுகும் கூரையைத் தாங்கி நிற்கிறது. திருத்த வேண்டிய கட்டுரை நோட்டுகளை மேஜையின் மூலையில் அழகாக அடுக்கி வைக்கிறது. நானும் அவ்வாக்கியத்தின் பரம பக்தனாகவே நெடுங்காலம் இருந்து வந்தேன். எங்கள் வீட்டு ராணி இறந்துபோன அன்றுதான் அந்தப் பக்தி எனக்கு நீங்கிற்று.

ராணி ஒரு நாய். வெள்ளை வெளேரென்ற சடை மயிர், நரியைப் போன்ற முகம், முதுகின்மேல் சுருண்டு படிந்த வால். இத்தகைய நாயை நம் ஊரில் 'பொமரேனியன்' என்றே எல்லோரும் சொல்லுவார்கள். உண்மையில் அப்பெயரால் இங்கே விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற ஜாதியைச் சேர்ந்தவை. பெயர் எதுவானால் என்ன? ஆறே கிலோ எடையுள்ள அந்தச் சிறு பிராணி ஒன்பது வருஷ காலம் எங்கள் வீட்டை ஆண்டு வந்தாள்.

அவள் குட்டியாக இருந்தபோதே, "கருத்தடைச் சிகிச்சை செய்துவிடுங்கள்" என்று மிருக வைத்தியர் ஒருவர் யோசனை சொன்னார். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். ஒரு வயது ஆயிற்று, மூன்று ஆயிற்று, ஆறு ஆயிற்று. அவளை வெளியே விடாமல் காப்பாற்றி வந்தபடியால் குட்டிகளும் உண்டாகவில்லை. ஆகவே, நான் செய்ததே சரி என்றும் எண்ணிக்கொண்டேன்.

நான்கு வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். அடைமழை பெய்துகொண்டிருந்தது. அந்தக் குளிரில் ராணி கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தாள். சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஏதோ அஜீரணம் என்று நினைத்தோம். நான்காம் நாள் அவள் எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடியபோதுதான் வைத்தியசாலைக்குத் தூக்கிச் சென்றோம். அங்கிருந்த டாக்டர் அம்மாள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தாள்?" சுமார் ஒன்றரை மாதத்துக்கு முன் என்றேன். அவர் முகம் மாறியது. கர்ப்பப்பை முழுவதும் சீழ் கட்டியிருந்தது. அன்றிரவே அறுவை நடந்தது. பொழுது விடிவதற்குள் ராணி போய்விட்டாள்.

முதல் வருஷத்தில் செய்திருக்க வேண்டிய சிகிச்சையும் அன்றிரவு செய்த சிகிச்சையும் ஒன்றேதான். அதே கத்தி, அதே உறுப்பு, அதே தையல். நாள் ஒன்றுதான் வேறு.

இந்தப் பழங்கதையை இப்போது நினைப்பதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆனியில் எங்கள் வீட்டுக்குச் சிட்டு வந்து சேர்ந்தாள். அவளும் அதே ஜாதி, சித்திரையில் பிறந்தவள். புரட்டாசியில் அவளுக்கு ஐந்து மாதம் நிரம்பியபோது, எடை மூன்றரைக் கிலோ. பழைய கேள்வி மறுபடியும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. செய்வதா, வேண்டாமா என்பதில் இம்முறை எனக்குச் சந்தேகம் இல்லை. எப்போது செய்வது என்பதுதான் பிரச்னை. சிறு ஜாதி நாய்க்குட்டி வளர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகி வருகின்றன. ஆகையால், நான் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை நேயர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்று எண்ணுகிறேன்.

முதலில் என் வீட்டிலும் அண்டை வீட்டிலும் எழுந்த அபிப்பிராயங்களைச் சொல்கிறேன்.

"ஏண்டா, அதுவும் ஒரு பெண் பிறவிதானே? ஒரு தடவையாவது குட்டி போட்டுப் பால் கொடுக்கட்டும். அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்" என்றார் என் தாயார்.

"ஒரே ஒரு தடவை, அப்பா! நான்கு குட்டிகள் போதும். பெயர்கூட வைத்துவிட்டேன்" என்றாள் என் மகள்.

அடுத்த வீட்டுக்காரரோ விஞ்ஞானத்தையே துணைக்கு அழைத்தார். அவர் வீட்டில் முப்பது கிலோ எடையுள்ள லாப்ரடார் ஒன்று இருக்கிறது. "அவசரப்படாதீர்கள், சார். ஒரு வயது நிரம்புவதற்கு முன் செய்தால் எலும்பும் மூட்டும் கெட்டுப்போகும். என் டாக்டர் ஒன்றரை வயது வரையில் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்" என்றார்.

இந்த மூன்றில் அடுத்த வீட்டுக்காரரின் வார்த்தைதான் என்னைத் திகைக்க வைத்தது. ஏனென்றால், அது உண்மை. அவருடைய நாயைப் பொறுத்தமட்டில் முழு உண்மை.

கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். காளைக் கன்றுக்குக் காயடிக்கும் காலத்தை நம் குடியானவர்கள் வெகு ஜாக்கிரதையாக நிச்சயிப்பார்கள். சிறு கன்றாக இருக்கும்போதே காயடித்துவிட்டால் கழுத்தும் திமிலும் பருக்காது, நுகத்தடியைத் தாங்காது என்று சொல்லி இரண்டு மூன்று வயது வரையில் காத்திருப்பார்கள். விதையில் ஊறும் ஒரு சத்து உடம்பை உருவாக்குகிறது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். இன்று அந்தச் சத்துக்கு ஹார்மோன் என்று பெயர் சொல்கிறோம்.

வளரும் பிராணியின் எலும்பு நுனிகளில் குருத்தெலும்பால் ஆன ஒரு தட்டு இருக்கிறது. எலும்பு நீளுவது அத்தட்டிலேதான். பருவம் வரும்போது விதையிலோ சினைப்பையிலோ சுரக்கும் ஹார்மோன்கள் தட்டை மூடி, "வளர்ந்தது போதும்" என்று கட்டளையிடுகின்றன. அந்த உறுப்புக்களை முன்கூட்டியே எடுத்துவிட்டால் தட்டு மூடுவதற்குத் தாமதமாகும். எலும்பு உரிய அளவைச் சற்று மீறி நீளும். மூட்டுகளின் பொருத்தம் தளரலாம். பெரிய ஜாதி நாய்கள் ஒரு வயதுக்கு மேலும் வளர்ந்துகொண்டிருக்கின்றன; அவற்றின் மூட்டுகள் தாங்க வேண்டிய பாரமும் அதிகம். ஆகவே அவற்றுக்கு இது சாமானிய விஷயம் அன்று.

அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் நகரத்து மிருக வைத்தியக் கல்லூரியில் பெஞ்சமின் ஹார்ட், லினெட் ஹார்ட் என்ற இருவரும் அவர்களுடைய சகாக்களும் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். 2013-இல் அவர்கள் கோல்டன் ரெட்ரீவர் ஜாதியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வயதுக்கு முன் காயடிக்கப்பட்ட ஆண் நாய்களில் 100க்கு 10 வீதம் இடுப்பு மூட்டுக் கோளாறு காணப்பட்டது. காயடிக்கப்படாதவற்றைக் காட்டிலும் இது இரு மடங்கு. 2020-இல் அவர்களே 35 ஜாதி நாய்களின் வைத்தியசாலைக் குறிப்புக்களைப் பரிசீலித்து, ஜாதி வாரியாகத் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிய ஜாதிகள் பலவற்றில் இளம் வயது அறுவையால் மூட்டு நோய் கூடியிருந்தது. சிஹுவாஹுவா, மால்டீஸ், பொமரேனியன், பக் முதலிய சிறு ஜாதிகளிலோ அவ்விதம் கூடவில்லை. அவற்றின் உடம்பு இலேசானது. பெரிய நாய் பாதி வளர்ச்சியில் நிற்கும் வயதில் சிறு நாயின் எலும்பு அநேகமாக வளர்ந்து முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஆராய்ச்சியிலேயே ஒரு விலக்கும் உண்டு. ஷிட்ஸு, பாஸ்டன் டெரியர் என்ற இரண்டு சிறு ஜாதிகளில் அறுவைக்குப் பிறகு சில புற்றுநோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன. அந்த ஜாதிகளை வளர்ப்பவர்கள் வைத்தியரிடம் இதை அவசியம் பேச வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரரின் விதி அவருடைய நாய்க்குச் சரி. என் நாய்க்குச் சரியன்று. பக்கத்துப் பையனின் சட்டை அழகாயிருக்கிறது என்று நம் பையனுக்கு அதை மாட்டிவிட முடியுமா?

இனி, கால தாமதத்தால் வரும் தீங்குகளைப் பார்ப்போம். பெண் நாய்க்கு அவை இரண்டு.

முதலாவது, மடியில் உண்டாகும் கட்டி. 1969-இல் கலிபோர்னியாவில் ஷ்னைடர் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியை இன்றுவரை எல்லா வைத்தியர்களும் எடுத்துச் சொல்கிறார்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு மடிப் புற்று வரும் அபாயத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் பருவத்துக்கு முன் சிகிச்சை செய்தால் அந்த அபாயம் அரைப் பங்காகக் குறைகிறது; முதல் பருவத்துக்குப் பின் செய்தால் 8 பங்கு; இரண்டாவதுக்குப் பின் 26 பங்கு. இந்த எண்களைப் பலர் தவறாகப் படித்து, முதல் பருவம் கடந்த நாய்களில் 100க்கு 8 நாய்களுக்குப் புற்று வரும் என்று பயமுறுத்துகிறார்கள். அது பிழை. ஒப்பிட்டுச் சொன்ன பங்கை மொத்தத் தொகையாகக் கொள்ளும் இத்தவற்றைக் கணக்குப் பரீட்சையிலும் நான் அடிக்கடி காண்கிறேன். 2012-இல் இங்கிலாந்தில் ராயல் வெட்டரினரி காலேஜைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், இதுவரை வெளிவந்த இத்தகைய ஆராய்ச்சிகளை எல்லாம் சோதித்துப் பார்த்து, ஆதாரம் நாம் எண்ணிய அளவுக்குப் பலமுள்ளது அன்று என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆகையால் அரைப் பங்கு என்ற கணக்கை வேதவாக்காக நான் கொள்ளவில்லை. முன்னதாகச் செய்வது நன்மையின் பக்கம் சாய்கிறது என்ற அளவில் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது, ராணியைக் கொண்டுபோன நோய். 'பயோமெட்ரா' என்று வைத்தியர்கள் சொல்லுவார்கள். ஒவ்வொரு முறை பருவம் வந்து போன பின்பும், குட்டி உண்டானாலும் உண்டாகாவிட்டாலும், பெண் நாயின் கர்ப்பப்பை கருவைத் தாங்குவதற்காகத் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. அதன் உட்சுவர் தடிக்கிறது, வாய் மூடிக்கொள்கிறது. அவ்வேளையில் கிருமிகள் உள்ளே தங்கிவிட்டால் அவற்றுக்கு அதைவிடச் சௌகரியமான இடம் வேறு கிடையாது. பருவம் முடிந்து சில வாரங்களுக்குப் பின்னரே நோய் வெளிப்படும். அளவுக்கு மீறிய தாகம், உணவில் வெறுப்பு, வாந்தி, சோர்வு ஆகியவை அடையாளங்கள். சீழ் வெளியே வடிந்தால் நாம் கண்டுகொள்ளலாம். வாய் மூடியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. அதுதான் அதிக அபாயமானது. ராணிக்கு நேர்ந்தது அது.

இந்த நோய் எவ்வளவு சாதாரணமானது என்பதை ஸ்வீடன் தேசத்துக் கணக்கு காட்டுகிறது. அந்நாட்டில் வழக்கமாகப் பெண் நாய்களுக்குக் கருத்தடை செய்வதில்லை. நாய்களை இன்ஷ்யூர் செய்யும் பழக்கமோ அதிகம். எனவே கணக்கு துல்லியமாகக் கிடைக்கிறது. 2001-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, இன்ஷ்யூர் செய்யப்பட்ட பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்குப் பத்து வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தது. சிகிச்சையும் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுப்பதே.

ஆகவே, கத்திக்குப் பயந்து தள்ளிப் போடுபவர்கள் கத்தியிலிருந்து தப்புவதில்லை. மோசமான ஒரு நாளில் அதைச் சந்திக்கும்படி நேர்கிறது. மயக்க மருந்து கொடுத்த நாய்கள் எத்தனை இறக்கின்றன என்று பிரிட்டனில் எடுத்த பெரிய கணக்கு ஒன்று 2008-இல் வெளியாயிற்று. ஆரோக்கியமான நாய்களில் ஏறக்குறைய 2,000க்கு ஒன்று; நோயுற்ற நாய்களில் 75க்கு ஒன்று. ஒன்பது வயதில், விஷம் இரத்தத்தில் கலந்த நிலையில் ராணி அறுவை மேஜையின்மேல் கிடந்த காட்சியை நான் மறக்க முயன்றுகொண்டிருந்தேன். இந்த இரண்டு எண்களையும் படித்தபோது அது திரும்பவும் கண்முன் வந்தது.

அப்படியானால் குட்டி வீட்டுக்கு வந்த மறுநாளே செய்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அதுவும் கூடாது. மேற்சொன்ன பிரிட்டிஷ் கணக்கே ஐந்து கிலோவுக்குக் குறைந்த நாய்களுக்கு மயக்க மருந்தின் அபாயம் கூடுதல் என்றும் காட்டுகிறது. சிறிய உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும்; பசி பொறுக்காது; சிறு குட்டியை நெடுநேரம் பட்டினி போட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். தவிர, மிக இளம் வயதில் செய்தால் பிற்காலத்தில் சிறுநீரை அடக்க முடியாமற் போகும் கோளாறு வரக் கூடும் என்ற கருத்தும் உண்டு. அந்தக் கோளாறு பெரிய நாய்களிடத்தில் அதிகம், சிறு நாய்களிடத்தில் குறைவு. ஆனாலும் இல்லை என்று சொல்ல முடியாது. சிகிச்சைக்குப் பிறகு உடம்பு கொழுப்பதும், சடை நாய்களின் மயிர் பஞ்சு போல மாறுவதும் உண்டு. இலாபத்தை மட்டும் சொல்லிவிட்டு நஷ்டத்தை மறைப்பது வாத்தியாருக்கு அழகன்று.

இவ்வளவையும் தராசில் வைத்துப் பார்த்து அமெரிக்க மிருக வைத்தியசாலைகளின் சங்கம் 2019-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வளர்ந்த பின் சுமார் 20 கிலோவுக்குள் நிற்கும் ஜாதியானால், பெண் குட்டிக்கு முதல் பருவத்துக்கு முன், அதாவது ஐந்து அல்லது ஆறாம் மாதத்தில். ஆண் குட்டிக்கு ஆறாம் மாதத்தில். அதற்கு மேற்பட்ட பெரிய ஜாதியானால், ஆணுக்கு வளர்ச்சி நின்ற பின், ஒன்பது முதல் பதினைந்து மாதத்துக்குள். பெண்ணுக்கு ஐந்து முதல் பதினைந்து மாதத்துக்குள், நாயின் நிலைமையைப் பார்த்து வைத்தியர் நிச்சயிக்க வேண்டும். சிறு ஜாதிப் பெண் நாய்கள் ஆறாம் மாதத்திலிருந்தே பருவத்துக்கு வரத் தொடங்குவதால், நமக்குக் கிடைக்கும் அவகாசம் சில வாரங்களே. அந்த வாரங்களில்தான் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது தன் வேலையைச் செய்கிறது.

இது நிற்க. என் தாயாரின் கட்சிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒரு முறை ஈன்றால் நாயின் உடம்புக்கு நல்லது என்பது பரம்பரையாக வரும் நம்பிக்கை. அதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரம் கிடையாது. சிறு ஜாதி நாய்களுக்குப் பிரசவமே ஆபத்து நிறைந்தது. சிறு வயிற்றில் ஒன்றிரண்டு குட்டிகள் மட்டுமே உண்டாகிப் பெரிதாக வளர்ந்துவிட்டால், வெளியே வர வழியின்றி வயிற்றைக் கிழித்தே எடுக்க வேண்டி வரும். பால் கொடுக்கும் வாரங்களில் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து வலிப்புக் காணும் தாய்களும் உண்டு. இதை எல்லாம் எடுத்துச் சொன்னபோது என் தாயார் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "குட்டிகளை நாலு நல்ல வீட்டில் கொடுத்தால் புண்ணியம்தானே?" என்றார்.

நாலு நல்ல வீடுகள்! எங்கள் தெருவில் நாலு வீடுகளை எண்ணிப் பார்த்தோம். ஒன்றில் வாடகைக்காரர், சொந்தக்காரர் நாய் கூடாது என்கிறார். ஒன்றில் கைக்குழந்தை. ஒன்றில் ஆசை இருக்கிறது, ஆள் இல்லை. நான்காவது வீட்டார், "ஆண் குட்டியானால் எடுத்துக்கொள்கிறோம்" என்றார்கள். பெண் குட்டிகள் எங்கே போகும்? இரவு வேளையில் சாக்குப் பையில் வைத்து மார்க்கெட் ஓரத்தில் விட்டுவிட்டுப் போகும் காட்சியை நாம் பாராதவர்களா?

1926-இல் ஆமதாபாத்தில் நடந்த ஒரு சம்பவம் எனக்கு நினைவு வந்தது. ஆலை முதலாளி ஒருவர் தம் ஆலைப் பிரதேசத்தில் திரிந்த சுமார் 60 நாய்களை, வெறிநோய்க்குப் பயந்து கொல்லச் செய்தார். ஊரில் பெரிய கொந்தளிப்பு. விஷயம் காந்தியடிகளிடம் போயிற்று. அஹிம்ஸையையே உயிர் மூச்சாகக் கொண்ட மகாத்மா, வேறு என்ன செய்திருக்க முடியும் என்ற கருத்தைத் தெரிவித்ததும் நாடெங்கிலுமிருந்து கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. 'யங் இந்தியா' பத்திரிகையில் வாரக் கணக்கில் அவர் பதில் எழுதினார். அவருடைய வாதத்தின் சாரம் இது: ஒரு கவளம் சோற்றை எறிந்துவிட்டுப் போவது ஜீவகாருண்யம் ஆகாது, நாயிடத்தில் இரக்கம் உள்ளவன் அதற்குச் சொந்தக்காரனாகி, அதன் பொறுப்பை ஏற்க வேண்டும், சொந்தக்காரன் இல்லாமல் நாய்கள் திரிவது சமூகத்தின் அசட்டையைத்தான் காட்டும்.

அன்று அவர்முன் இருந்த வழி மிகக் கொடியது. நமக்கு வேறு வழி கிடைத்திருக்கிறது. சென்னையில் ப்ளூ கிராஸ் ஸ்தாபனத்தார் 1964-இலேயே தெரு நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யும் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1996-இல் சென்னை மாநகராட்சியும் அம்முறையை ஏற்றது. 2001-இல் மத்திய சர்க்கார் அதற்கென விதிகள் வகுத்தனர். 2023-இல் அவற்றைப் புதுப்பித்தனர். தெரு நாய்க்குச் சர்க்கார் செய்யக் கடமைப்பட்டிருப்பதை வீட்டு நாய்க்கு வீட்டுக்காரன் செய்யாமல் இருந்தால், தெருவைப் பற்றிக் குறை சொல்ல அவனுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

நார்வேயில் தக்க காரணம் இன்றி ஆரோக்கியமான பிராணியின் உறுப்பை அகற்றக் கூடாது என்பது சட்டம். அது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அங்கே சொந்தக்காரன் இல்லாமல் தெருவில் திரியும் நாயைக் காண்பது அரிது. நம் வாசற்படியைத் தாண்டினால் ஐந்து ஆண் நாய்கள் காத்திருக்கின்றன. தேசத்தின் தெருவையும் சேர்த்துத்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

புரட்டாசிக் கடைசியில் சிட்டுவைத் தூக்கிக்கொண்டு அதே டாக்டர் அம்மாளிடம் போனோம். ராணியை அவருக்கு நினைவிருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருதயத்தையும் மூச்சையும் சோதித்தார். தடுப்பு ஊசிகள் எல்லாம் முடிந்தனவா என்று பார்த்தார். வாயைத் திறந்து பார்த்து, "பால் பல் இரண்டு விழாமல் நிற்கிறது, சார். சிறு ஜாதிகளுக்கு இது சகஜம். இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், விழாவிட்டால் அதே மயக்கத்திலேயே எடுத்துவிடலாம்" என்றார். இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

"அதற்குள் பருவம் வந்துவிட்டால்?" என்று கேட்டேன்.

"வந்துவிட்டால் பதற வேண்டாம். அப்போது இரத்த ஓட்டம் அதிகம். உடனே செய்வது நல்லதன்று. இரண்டு மூன்று மாதம் கழித்து, உடம்பு அமைதி அடைந்த பிறகு செய்வோம். தாமதமாகிவிட்டதே என்று சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதுதான் தவறு. முதல் ரயில் போய்விட்டால் அடுத்த ரயிலில் ஏறலாமே" என்றார்.

ஆண் குட்டி வைத்திருப்பவர்களுக்காகவும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். ஆணுக்குக் கர்ப்பப்பை நோய் போன்ற கடிகாரம் எதுவும் இல்லை. அதனால் அவசரமும் அவ்வளவு இல்லை. காயடித்தால் விதையில் கட்டி வராது. முதுமையில் பிராஸ்டேட் வீங்குவது குறையும். பெண் நாயைத் தேடி ஓடுவதும் குறையும். குரைப்பதும் பயப்படுவதும் அதனால் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பயந்த சுபாவமுள்ள குட்டியானால் சற்றுப் பொறுத்துப் பழக்குவதே மேல். ஆனால், ஒரு விதை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டால் அசட்டையாக இருக்கக் கூடாது. சிறு ஜாதிகளிடையே இதை அடிக்கடி காணலாம். உள்ளே தங்கும் விதை பிற்காலத்தில் புற்றாக மாறக் கூடும். அதை அவசியம் எடுத்துவிட வேண்டும்.

ஐப்பசி இரண்டாம் வாரத்தில் ஒரு சனிக்கிழமையைக் குறித்தோம். வீட்டுக்கு வந்ததும் தினசரிக் காலண்டரில் அந்தத் தாளின்மேல் சிவப்பு மசியால் ஒரு வட்டம் போட்டேன். ராணியின் காலத்தில் நான் செய்யத் தவறிய காரியம் அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் என் தாயார் காபி வேண்டாம் என்றார். "அது பட்டினியாகப் போகிறது, நான் மட்டும் என்ன?" என்றார். குட்டிக்குச் சில மணி நேரம்தான் பட்டினி என்று டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. முற்பகல் அறுவை முடிந்தது; பால் பற்கள் இரண்டும் கூடவே வந்துவிட்டன. குளிராமல் இருக்கக் கம்பளித் துணியில் சுற்றி மாலையில் கையில் கொடுத்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அதே வாசல், அதே ஐப்பசி. நான்கு வருஷங்களுக்கு முன் அந்த வாசலிலிருந்து வெறுங்கையோடு இறங்கினேன்.

பத்து நாள் சிட்டுவின் கழுத்தில் தையலை நக்காமல் இருப்பதற்காகக் கூம்பு ஒன்று மாட்டியிருந்தது. "கிராமபோன் குழாய் மாதிரி இருக்கிறது" என்றாள் மகள். அந்தக் குழாயோடு வீட்டிலுள்ள எல்லாக் கதவுகளிலும் மோதிக்கொண்டு அவள் திரிந்தாள். தையல் பிரித்த அன்று டாக்டர் அம்மாள் ஒரே கண்டிப்புச் செய்தார்: "இனிமேல் உணவில் கால் பங்கு குறையுங்கள். இல்லாவிட்டால் உருண்டை ஆகிவிடுவாள்."

சிகிச்சைக்கு முன்னெல்லாம் எதிர்க் கட்சியில் இருந்த என் தாயார்தான் இந்த உத்தரவைக் காற்றில் பறக்கவிடுகிறார். நாங்கள் பாராத சமயம் நெய்ச் சோற்று உருண்டை ஒன்று சிட்டுவின் வாய்க்குப் போய்விடுகிறது. "எடை கூடுகிறதே, அம்மா! எப்போது நிறுத்தப் போகிறீர்கள்?" என்று நேற்றுக் கேட்டேன்.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்.